ஆயிரம் மைலுக்கு முன் ஒரு கணக்கு





மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கும் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நம் வீட்டிலும் முதலில் எழுந்தது அந்தக் கேள்விதான். நமக்கு வயது நாற்பத்தாறு. ஊர் ஊராகச் சென்று மக்தப் நடத்திய இளமைக் காலத்திலிருந்தே இருசக்கர வாகனம் நமக்குக் கால்களைப் போல ஆகிவிட்டது. ஆயினும் திருநெல்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அப்பால் அதை ஓட்டிச் சென்றதில்லை.

நமது தங்கையின் மகன் பெங்களூருவில் பணிபுரிகிறார். இருபத்தாறு வயது இளைஞர். விடுமுறை கிடைத்தால் வண்டியோடு கிளம்பிவிடுவார். சென்ற முறை ஊருக்கு வந்தபோது, ‘சேடில்சோர் 1000’ என்ற ஒன்றைப் பற்றி அவர் நம்மிடம் சொன்னார். சேணத்தில் நெடுநேரம் அமர்வதால் உண்டாகும் புண் என்பதே அந்தப் பெயரின் பொருள். அமெரிக்காவிலுள்ள அயர்ன் பட் அசோசியேஷன் என்னும் அமைப்பு இதை நடத்துகிறது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,610 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இது பந்தயமன்று, எவரையும் முந்த வேண்டியதில்லை. வழியில் பெட்ரோல் போட்ட இடங்களின் ரசீதுகள், கிலோமீட்டர் மீட்டரின் தொடக்க, இறுதி எண்கள் ஆகியவற்றை அனுப்பினால், சரிபார்த்துச் சான்றிதழ் தருவார்கள்.

“நாக்பூரிலுள்ள ஜீரோ மைல் கல் வரை போய்விட்டால் கணக்கு முடிந்துவிடும் மாமா. இங்கிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே போதும். நீங்களும் வாருங்கள்” என்றார்.

நம் உள்ளத்தில் ஆசை துளிர்த்தது. அதை மறைப்பதற்கில்லை. ஷஃபான் மாத விடுமுறையில் புறப்படுவது என்று இருவரும் முடிவு செய்தோம். ஆயத்தத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் நாம் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

வாகனம்

நம்மிடம் இருப்பது 350 சிசி புல்லட். அதை நன்கு அறிந்த மெக்கானிக் நம் ஊரில் ஒருவர்தான். அவரிடம் போவதில் நமக்கொரு தயக்கம் இருந்தது. சிறு வயதில் நம்மிடம் ஹிஃப்ளு வகுப்பில் ஓதியவர் அவர். ஆறு ஜுஸ்உ முடித்த நிலையில், பன்னிரண்டு வயதில் வகுப்பை விட்டுப் போனார். போனதற்கான காரணம் அவருக்குத் தெரியும்; நமக்கும் தெரியும். இத்தனை ஆண்டுகளாகப் பள்ளிவாசலில் காணும்போது ஸலாம் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு சொல்லும் இராது.

நாம் வண்டியை நிறுத்தியதும், எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னார். பின் டயர் மாற்ற வேண்டும். செயின் தளர்வைச் சரிசெய்து, 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் இட வேண்டும். பிரேக் பேட் புதிதாக வேண்டும். என்ஜின் ஆயிலைப் புறப்படும் முந்தைய நாளில் மாற்றாமல், ஒரு வாரம் முன்னரே மாற்றிச் சிறிது ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் வண்டியில் கைவைத்தால் அதன் குறை நடுவழியில்தான் தெரியவரும் என்பது அவர் சொன்ன காரணம்.

கம்பிச் சக்கரமாதலால் டயருக்குள் டியூப் உண்டு. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அதை மூன்று முறை நம்மையே செய்ய வைத்தார். முதல் முறை ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் முறை நாற்பது நிமிடம். கிளட்ச் கேபிளை ஒட்டியே புதிய கேபிள் ஒன்றையும் கட்டிவைத்தார். பழையது அறுந்தால், நின்ற இடத்திலேயே இரு முனைகளையும் மாற்றிப் பொருத்திவிடலாம். டயரின் காற்றை ஓட்டுவதற்கு முன், சூடேறாத நிலையில் பார்க்க வேண்டும் என்றார். இருபது ஆண்டுகளாக நாம் அதை ஓட்டிப் போன பிறகே பார்த்துவந்திருக்கிறோம்.

நாம் அவருக்குக் கற்பித்த முறை வேறு. அவர் நமக்குக் கற்பித்த முறை வேறு. தவறாகச் செய்த ஒவ்வொரு முறையும் ஸ்பேனரை நம் கையிலிருந்து வாங்கி, மெதுவாகச் செய்துகாட்டி, மீண்டும் நம் கையிலேயே கொடுத்தார்.

உடல்

நாள் முழுதும் பாயில் அமர்ந்து ஓதிக்கொடுப்பவருக்கு உட்கார்வது கடினமன்று என்று எண்ணியிருந்தோம். இரண்டு மணி நேரம் வண்டியில் இருந்த பின் முதுகும் மணிக்கட்டும் வேறு கதை சொல்லின. ஃபஜ்ருக்குப் பின் ஐந்து கிலோமீட்டர் நடப்பதை வழக்கமாக்கினோம். ஓட்டும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் இருக்கவும், மணிக்கொரு முறை கால்மிதியில் சற்று எழுந்து நின்று அமரவும் தங்கை மகன் சொல்லித் தந்தார்.

அவர் சொன்ன வேறு சிலவும் பயனுள்ளவை. ஓடும் வண்டியில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், உடலின் நீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடித்துவர வேண்டும். தலைக்கவசத்துக்குள் இடைவிடாது கேட்கும் காற்றின் இரைச்சலே மனிதனைச் சோர்வடையச் செய்யும். அதற்குக் காதில் வைக்கும் பஞ்சடைப்பான் உதவும். மதியம் பிரியாணியைத் தவிர்த்து, இட்லியோ பழமோ போதுமென்று நிறுத்த வேண்டும். தடித்த தையலுள்ள உள்ளாடை கூடாது. சேணப்புண் தொடங்குவது அங்கேதான்.

ஜுப்பா அணிந்து நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து. ஆடையின் ஓரம் செயினில் சிக்கினால் அவ்வளவுதான். ஆகவே முழங்கைக்கும் முதுகுக்கும் காப்புள்ள சட்டையும், முழங்கால் காப்பும் வாங்கினோம். அதை அணிந்து முதன்முறை தெருவில் இறங்கியபோது ஓதும் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். “ஹஜ்ரத் போருக்குப் போறாங்க” என்றான் ஒருவன்.

ஓர் இரவு

புறப்பாட்டுக்கு ஒரு மாதம் இருக்கையில் இரவுப் பயணம் ஒன்றைச் செய்து பார்த்தோம். இஷாவுக்குப் பின் ஒன்பது மணிக்குக் கிளம்பி, திண்டுக்கல் சென்று, விடியுமுன் திரும்புவது திட்டம். போக வர ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அன்று காலை ஃபஜ்ருக்கு ஐந்து மணிக்கு எழுந்தவர்கள் நாம். வகுப்புகளையும் வழக்கம்போல நடத்தியிருந்தோம்.

போகும்போது இனிமையாக இருந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் திண்டுக்கல்லில் தேநீர் அருந்தினோம். தூக்கம் சிறிதும் இல்லை என்று சொன்னோம். உண்மையாகவே அப்படித்தான் எண்ணினோம். திரும்பும் வழியில், விருதுநகர் வருமுன் தங்கை மகன் நம்மை முந்திவந்து, கைகாட்டி ஓரமாக நிறுத்தச் செய்தார்.

“மாமா, கப்பலூர் சுங்கச்சாவடியில் அந்த லாரி குறுக்கே வந்ததே, பயந்துவிட்டீர்களா?” என்று கேட்டார்.

நமக்கு எந்த லாரியும் நினைவில் இல்லை. சுங்கச்சாவடியும் நினைவில் இல்லை. மதுரையின் விளக்குகள் நினைவிலிருந்தன. அதன்பின் இவர் கைகாட்டியது நினைவிலிருந்தது. இடைப்பட்ட தூரத்தை நமது கைகள் ஓட்டிவந்தன. நாம் அங்கே இல்லை. வண்டி இருமுறை இடப்புற வெள்ளைக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியதைப் பின்னாலிருந்து கண்டதாக அவர் சொன்னார். அவருடைய குரல் நடுங்கிற்று.

வண்டிகளைப் பெட்ரோல் நிலையத்தின் ஓரம் நிறுத்திவிட்டு, ஃபஜ்ர் வரை அங்கேயே படுத்திருந்தோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். மூன்று நொடி கண் அயர்ந்தால் 66 மீட்டர். அந்தத் தூரத்தில் யார் வீட்டுப் பிள்ளையும் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம். அன்று நம்மைக் காத்தது நமது திறமையன்று.

கணக்கு

வீடு திரும்பியதும் உடனே எவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் துணைவியாரிடம் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “அந்தச் சான்றிதழை யாரிடம் காட்டப்போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். முகஸ்துதியைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிற நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு தாளை எடுத்து, மூன்று மாதத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டோம். நம் நாட்டில் நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வகுத்துள்ள உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அதை ஒரு கணமும் தாண்டாமல் செல்பவர், ஊர்களையும் வேகத்தடைகளையும் பாலப் பணிகளையும் கடந்து, சராசரியாக 70 எடுத்தால் அதுவே பெரிய காரியம். அந்த வேகத்தில் 1,610 கிலோமீட்டர் கடக்க 23 மணி நேரம் ஆகும். எஞ்சுவது ஒரு மணி. கஸ்ராகச் சுருக்கித் தொழுதாலும் தொழுகைகளுக்கு நேரம் வேண்டும். ஐந்து முறையாவது பெட்ரோல் போட வேண்டும். உண்ண வேண்டும். உறங்க வேண்டும். இவை அனைத்தும் அந்த ஒரு மணிக்குள் அடங்க வேண்டும்.

அடங்காது. ஒன்று சட்டத்தை மீறி 100, 110 என்று ஓட்ட வேண்டும். அல்லது உறக்கத்தைத் திருட வேண்டும். அமெரிக்காவின் பல நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டுள்ளது. அங்கே இந்தக் கணக்கு சட்டத்துக்குள் நிற்கிறது, ஓய்வுக்கும் இடமிருக்கிறது. நம் சாலையில் நிற்கவில்லை. குறை அந்தச் சவாலில் இல்லை. அதை நம் சாலைக்கு அப்படியே தூக்கி வந்த நம்மிடம் இருக்கிறது.

இன்னொன்றும் நம்மைக் கலங்கச் செய்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்பதை 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காட்டைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய குற்றமாகும். கப்பலூரைக் கடந்த அந்த அதிகாலையில் நாம் விழித்து 22 மணி நேரம் ஆகியிருந்தது. வாழ்நாளில் ஒரு துளியும் தொடாத நாம், அன்று எந்த நிலையில் பிறர் உயிர்களுக்கிடையே வண்டியோட்டினோம் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

தங்கை மகனிடம் தாளைக் காட்டினோம். “எல்லாரும் 100-இல்தானே போகிறார்கள் மாமா” என்றார். நாம் வாதிக்கவில்லை. “அன்று நான் நேரே போய் மோதியிருந்தால் உன் உம்மாவிடம் என்ன சொல்லியிருப்பாய்?” என்று கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே பேனாவை எடுத்து, அதே தூரத்தை மூன்றாகப் பிரித்தார். முதல் நாள் பெங்களூரு, இரண்டாம் நாள் ஹைதராபாத், மூன்றாம் நாள் நாக்பூர். ஒவ்வொன்றும் 500 முதல் 600 கிலோமீட்டர். ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பாடு. மஃரிபுக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஒவ்வோர் இரவும் ஏழு மணி நேர உறக்கம். சான்றிதழ் இல்லை.

வஸிய்யத்

பயணக் கோப்பில் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை வைத்தோம். இரத்தப் பிரிவும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்தோம். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்களைத் துணைவியாருக்கும் எழுதிக் கொடுத்தோம். அப்போதுதான் அவர், “வஸிய்யத் எழுதிவிட்டீர்களா?” என்று கேட்டார்.

கடனும் பிறர் பொருளும் தம் பொறுப்பில் இருப்பவர் வஸிய்யத்தை எழுதிவைத்திருக்க வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறோம். நம்முடையது எழுதப்படவில்லை. அன்றிரவு அமர்ந்து எழுதினோம். மளிகைக்கடைப் பாக்கி 2,350 ரூபாய். மகளின் கல்விக் கட்டணத்துக்காக நண்பரிடம் வாங்கிய 15,000 ரூபாய். மத்ரஸா நூலகத்திலிருந்து எடுத்துத் திருப்பாத இரண்டு கிதாபுகள். நோயுற்ற ஆண்டில் விடுபட்டு, இன்னும் கழாச் செய்யாத நான்கு நோன்புகள்.

இவை எல்லாம் எழுதி முடித்த பின்னும் ஒன்று எஞ்சியது. அதற்குத் தொகை இல்லை. ஒரு பெயர் மட்டுமே உண்டு. அந்தப் பெயரையும் எழுதினோம்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் வீடுவீடாகச் சென்று மன்னிப்புக் கேட்பது நம்மிடையே வழக்கம். மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு எவரும் அப்படிச் செய்வதில்லை. மறுநாள் அஸருக்குப் பின் பட்டறைக்குச் சென்றோம். வேலையாட்கள் தேநீருக்குப் போயிருந்தார்கள். “உன்னை அடித்தது தவறு. காரணம் எதுவாயினும் தவறு. என்னை மன்னித்துவிடு” என்றோம்.

அவர் பின் சக்கரத்தின் அச்சு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கி முடித்து, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பின்னர் நம்மைப் பார்த்தார்.

“நான் ஓதுவதை விட்டதற்கு வாப்பா என்மேல் கடைசிவரை வருத்தமாகவே இருந்தார்கள் ஹஜ்ரத். ஏன் விட்டேன் என்று அவர்களிடம் நான் சொல்லவே இல்லை” என்றார். சற்று நிறுத்தி, “என்னிடம் கேட்டது போதும். இப்போது ஓதுகிற பிள்ளைகள் மேல் அந்தக் கம்பு வேண்டாம்” என்றார்.

நமக்கு வேறு சொல் எழவில்லை. அன்றே வகுப்பறையிலிருந்து கம்பை எடுத்து வந்தோம். பிள்ளைகள் அதைக் கவனித்தார்கள், எவரும் கேட்கவில்லை. கம்பில்லாமல் முப்பது பிள்ளைகளை அமரவைப்பது எளிதன்று என்பதை அடுத்த வாரத்திலேயே கண்டோம். அவர் ஸ்பேனரை வாங்கி, செய்துகாட்டி, மீண்டும் நம் கையில் கொடுத்த முறையை நினைத்துக்கொள்கிறோம். இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

புறப்படும் முன்

இன்ஷா அல்லாஹ், நாளை மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் புறப்படுகிறோம். பயணத்துக்குத் தங்கை மகனே அமீர். வயதில் இளையவர், ஆயினும் சாலையை அறிந்தவர் அவரே. இருவரில் எவர் ‘நிறுத்து’ என்றாலும் காரணம் கேட்காமல் நிறுத்துவது என்று ஒப்பந்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்பது துணைவியார் விதித்த நிபந்தனை. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் இடம் அது. அதைப் பகலில்தான் கடக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நேற்று மாலை வண்டியை எடுக்கச் சென்றபோது, மெக்கானிக் முழுக் கூலியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவும் நமக்கு நிம்மதியாகவே இருந்தது. வண்டியின் மீட்டரில் இருந்த எண்ணைச் சீட்டொன்றில் குறித்துத் தந்து, “திரும்பி வந்ததும் என்னிடம் கொண்டுவாருங்கள். செயினைப் பார்க்க வேண்டும்” என்றார்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். பயணம் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். போகுமுன் தாளும் பேனாவும் எடுத்து, தூரத்தையும் நேரத்தையும் உறக்கத்தையும் உண்மையாகக் கணக்கிடுங்கள். கணக்கு உதைத்தால், அந்தக் குறையை உங்கள் உம்மாவோ, துணைவியோ, சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத ஒருவரோதான் தாங்க வேண்டிவரும்.

வல்ல இறைவன் நம் பயணங்களை எளிதாக்கி, புறப்பட்டவர்களைக் காத்திருப்பவர்களிடம் நலமாகத் திருப்பிச் சேர்ப்பானாக! நம்மால் நோவுற்றவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தந்தருள்வானாக! ஆமீன்.